வாசகர் கேள்வி – பதில்: வீட்டு வளவில் கார்த் தகர வேலை

கேள்வி: எங்களிடம் பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்று உள்ளது. அதன் முன் மட்காட்டின் அடிப்பகுதி கறள் பிடித்து உதிர்ந்துவிட்டது. கேற், கிறில் ஒட்டுவதற்காக வாங்கிய சாதாரண வெல்டிங் பிளான்ற் வீட்டில் இருக்கிறது. அதனால் ஒட்ட முயன்றால் தகரம் இணையாமல் ஓட்டை விழுகிறது. இந்த வேலையை வீட்டிலேயே பழகி, மட்காட்டைச் சற்று அகலமாக்கவும் விரும்புகிறேன். முடியுமா?
– வாசகர், மாங்குளம்

பதில்: முடியும், ஆனால் கையிலுள்ள பிளான்றால் முடியாது. ஓட்டை விழுவது உங்கள் கைக்குற்றம் அன்று. கேற்றுக்குப் பயன்படும் 2.5 மில்லிமீற்றர் வெல்டிங் கூர் (உருகி ஒட்டும் குச்சி) ஒழுங்காக எரிவதற்கு 60 அம்பியருக்கு மேல் மின்னோட்டம் வேண்டும். உங்கள் மட்காட்டின் தகரமோ ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் தடிப்புடையது, அதிலும் கறள் தின்ற இடத்தில் அதன் பாதிகூட எஞ்சியிராது. இத்தகைய தகரம் 30 முதல் 50 அம்பியர் வரையே தாங்கும். ஆகவே கம்பி தானாக ஊட்டப்படும் மிக் வெல்டிங் இயந்திரமும், 0.6 மில்லிமீற்றர் கம்பியும், ஆர்கனும் காபனீரொட்சைட்டும் கலந்த வாயுவும் உங்களுக்குத் தேவை. வாயு வேண்டாத கம்பி என்று விற்கப்படுவது மலிவாகத் தோன்றினாலும், அது அதிக வெப்பத்துடன் எரிந்து பொறியைச் சிதறுவதால் மெல்லிய தகரத்தில் பழகுபவருக்கு உகந்ததன்று. பழைய கராஜ்களில் ஒட்சிசன், அசற்றலீன் சுவாலையால் இதே வேலையை அழகாகச் செய்தவர்கள் உண்டு. அந்த ஒட்டு மென்மையாக இருப்பதால் பின்னர் சுத்தியலால் தட்டிச் சீராக்குவதும் எளிது. ஆயினும் அந்தச் சிலிண்டர்களை வீட்டு வளவில் வைத்திருக்கும்படி நான் சொல்லமாட்டேன்.

மொறிஸ் மைனரில் உங்களுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. அதன் மட்காட்டுகள் நட்டும் போல்ற்றும் கொண்டு பூட்டப்பட்டவை. கழற்றி எடுத்து, பெற்றோல் தாங்கிக்கும் வயர்களுக்கும் இருக்கைத் துணிக்கும் எட்டாத இடத்தில் வைத்து வேலை செய்யலாம். ஆனால் அதே காரின் பக்கவாட்டு அடிப்பெட்டிகளிலும் நடுக் குறுக்குச் சட்டத்திலும் பழக வேண்டாம். இந்தக் காருக்குத் தனியான சசி (அடிச்சட்டம்) கிடையாது. உடலே பாரத்தைத் தாங்குகிறது. அங்கே பலவீனமாக விழுந்த ஒட்டு பெயின்றுக்குள் மறைந்திருந்து, ஏ9 வீதியில் வேகமாகச் செல்லும்போது தன்னைக் காட்டக்கூடும்.

பழகுவதற்கு வேறொரு காரின் பழைய பொனற்றிலிருந்து துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றாமல், கம்பியின் தடிப்பளவு இடைவெளி விட்டு விளிம்போடு விளிம்பு வைத்து, 3 சென்ரிமீற்றருக்கு ஒன்றாகப் புள்ளி ஒட்டு இடுங்கள். ஒரு புள்ளி இட்டதும் அதற்கு அடுத்ததை இடாமல், எதிர்முனைக்குச் சென்று ஒன்று, நடுவில் ஒன்று என்று மாறி மாறி இட்டு, கையால் தொடக்கூடிய அளவுக்குத் தகரம் ஆறிய பின்னரே புள்ளிகளுக்கு இடையிலான வெளியை நிரப்ப வேண்டும். இதில் பொறுமையிழந்து ஒரே இழுவையாக ஒட்டுபவர்களின் தகரம்தான் அப்பளம்போல் நெளிகிறது.

நெளிவது ஏன் என்பதைப் புரிந்துகொண்டால் அதைத் திருத்தும் வழியும் புரியும். சூடாகும் இடம் விரிய முனைகிறது. சுற்றியுள்ள குளிர்ந்த தகரம் அதை விரிய விடாமல் நெருக்குவதால் அது அவ்விடத்திலேயே தடித்துவிடுகிறது. ஆறும்போது முன்பிருந்ததைவிடச் சுருங்கி, அயலிலுள்ள தகரத்தை இழுத்துக் குழி விழுத்துகிறது. எனவே குழிந்த இடத்தை வெளியே தள்ளினால் மட்டும் போதாது. சுருங்கிய ஒட்டுக் கோட்டை நீட்ட வேண்டும். கிரைண்டரால் ஒட்டின் மேட்டைக் குறைத்த பின், உட்புறத்தில் டொலி என்னும் கனத்த இரும்புக் கட்டியைச் சரியாக ஒட்டின் கீழ்ப் பிடித்து, வெளிப்புறம் தட்டையான சுத்தியலால் இலேசாகப் பலமுறை தட்டுங்கள். சுத்தியலின் ஓசை கணீரென்று ஒலித்தால் டொலி சரியான இடத்தில் உள்ளது. மந்தமாக ஒலித்தால் விலகிவிட்டது. கிரைண்டரை ஓரிடத்தில் அழுத்தி வைத்தால் அதன் சூடே புதிய நெளிவை உண்டாக்கும், தகரமும் மெலியும்.

வன்னியில் இன்னொரு சிக்கல், காற்று. சோழகம் வீசும் மாதங்களில் வெளியில் வைத்து ஒட்டினால் பாதுகாப்பு வாயு அடித்துச் செல்லப்பட்டு, ஒட்டு துளைதுளையாகப் பொரியும். வாயுவைக் கூட்டித் திறப்பதால் பயனில்லை. நிமிடத்துக்கு 10 முதல் 12 லீற்றர் போதுமானது, மிகையானால் அது சுழன்று வெளிக்காற்றையும் உள்ளே இழுக்கும். தகரத்தால் மறைப்புக் கட்டுங்கள். கிடுகு வேய்ந்த கொட்டிலுக்குள்ளோ பனையோலை வேலியின் ஓரத்திலோ ஒருபோதும் ஒட்ட வேண்டாம்.

பழகும் இரும்பை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். காட்டோரத்திலோ வயலிலோ மண்ணுக்குள் கிடந்த, என்னவென்று தெரியாத இரும்பைத் தொடவோ வெட்டவோ சூடாக்கவோ கூடாது. எங்கள் மண்ணில் இன்னும் வெடிபொருட்கள் எஞ்சியிருக்கின்றன. கண்டால் கிராம அலுவலருக்கோ பொலிஸுக்கோ அறிவியுங்கள். மண்ணெண்ணெய், டீசல் இருந்த மூடிய பரல்களும் அவ்வாறே. உள்ளே தங்கிய ஆவி போதும் வெடிப்பதற்கு.

மட்காட்டை அகலமாக்குவது அடுத்த படி. நீளவாக்கில் வெட்டி இடையில் பட்டைத் தகரம் செருகுவதே வழக்கமான முறை. அதில் இரண்டு நீண்ட ஒட்டுகள் வரும் என்பதால், கறள் பிடித்த அடிப்பகுதிக்கு ஒட்டுத்துண்டு போட்டுத் தேறிய பின்னர் அதைத் தொடங்குங்கள். மொறிஸின் வளைவை ஏன் மாற்ற வேண்டும் என்பது எனது எண்ணம், கார் உங்களுடையது.

கேள்வி: எனது வான் வாகனத்தின் கதவில் நெளிவெடுத்துப் பட்டி பூசி, தண்ணீர் விட்டு நன்றாகத் தேய்த்துப் பெயின்ற் அடித்தேன். மாரி முடிந்ததும் கொப்பளம் கிளம்பி, சில இடங்களில் வெடித்தும் விட்டது. பட்டி போலியானதா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: பட்டியைக் குறை சொல்லுமுன் தண்ணீரைக் கவனியுங்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சும். பிறைமர் என்னும் அடிப்பூச்சு அடிக்குமுன் தண்ணீர் விட்டுத் தேய்த்தால், அந்த ஈரம் உள்ளே சிறைப்பட்டுத் தகரத்தைக் கறளாக்கிக் கொப்பளத்தைக் கிளப்பும். பட்டியை 80 இலக்க அரத்தாளில் தொடங்கி 180, 320 என்று உலர்வாகவே தேய்த்து, பிறைமர் காய்ந்த பின்னரே தண்ணீர் பிடிக்கலாம். வெடிப்புக்குக் காரணம் பெரும்பாலும் தடிப்பு. 3 மில்லிமீற்றருக்கு மேல் பட்டி தேவைப்படுகிறதென்றால் நெளிவு இன்னும் எடுபடவில்லை என்றே பொருள். மறுபடியும் சுத்தியலை எடுங்கள். இறுக்கும் பசையை எடையில் நூற்றுக்கு 2 பங்கு அளவில் கலந்து, நண்பகல் வெயிலில் அது கைக்குள்ளேயே இறுகிவிடும் என்பதால் காலையில் சிறிது சிறிதாகக் குழையுங்கள். சீரைக் கண்ணால் மட்டும் பாராமல், மெல்லிய துணியின்மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பாருங்கள்.

பழைய வாகனப் பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும். முகக்கவசம் இன்றித் தேய்க்க வேண்டாம். பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் அறவே வேண்டாம்.

கேள்வி: என் மகனுக்கு இத்தொழிலில் விருப்பம். சான்றிதழ் பெற வழியுண்டா?
– வாசகி, மல்லாவி

பதில்: உண்டு. கிளிநொச்சி அறிவியல்நகரில் இலங்கை–ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. அங்கே வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கப்படுகிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்திலும் வெல்டிங் பயிற்சிகளைப் பற்றி விசாரியுங்கள். ஏற்கனவே கராஜில் வேலை பழகியவராயின், முன்கற்றலை அங்கீகரிக்கும் மதிப்பீட்டின் மூலமும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்.

கேள்வி: கூரைத் தகரத்தில் வெல்டிங் பழகுகிறேன். வெல்டிங் செய்யும்போது கறுப்பு வெயில் கண்ணாடி போதாதா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: போதாது. வெல்டிங்குக்கென்று செய்யப்பட்ட 10 அல்லது 11 இலக்கக் கண்ணாடி பொருத்திய முகமூடியே வேண்டும். அது இல்லாமல் ஒட்டினால், கண்ணுக்குள் மணல் விழுந்தாற்போன்ற வேதனை பல மணித்தியாலங்கள் கழித்து, பெரும்பாலும் இரவில் தொடங்கும். நைலோன் சட்டையைத் தவிர்த்துப் பருத்தித் துணியில் நீளக்கை அணியுங்கள். நாகம் (துத்தநாகம்) பூசிய கூரைத் தகரத்தில் பழகுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதன் வெண்புகை காய்ச்சலையும் குளிரையும் தரும் என்பதால் அதை இன்றே நிறுத்துங்கள்.