குன்னூரிலிருந்து கரூருக்கு: நான்கு மாத மாறுதலை ஏற்கலாமா?

கேள்வி: நீலகிரி மலை ரயில் பாதையில் பதினாறு ஆண்டுகளாகத் தண்டவாளப் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன், இப்போது தினமும் பாதையை நடந்து பார்த்துச் சரிசெய்யும் கீமேன். வயது 43. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். கரூர்ப் பகுதியில் ஆள் போதவில்லை என்று, ஏப்ரல் முதல் நான்கு மாதங்களுக்குத் தற்காலிக மாறுதலில் அங்கே போக விருப்பமா என்று கேட்கிறார்கள். தினப்படி கிடைத்தால் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவும். ஆனால் குளிரிலேயே பிறந்து வளர்ந்த நான் அந்த வெயிலைத் தாங்குவேனா என்று என் மனைவி பயப்படுகிறார். ‘விருப்பக் கடிதம்’ ஒன்றும் எழுதித் தரச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்? – வாசகர், குன்னூர்

பதில்: போகலாம் என்பதுதான் என் கருத்து, ஆனால் ஏப்ரலில் போய் இறங்காதீர்கள், அந்தக் கடிதத்தையும் அவர்கள் சொல்லும் வாசகத்தில் அப்படியே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் கடிதத்தைப் பார்ப்போம். நிர்வாகத்தின் தேவைக்காகப் போடப்படும் தற்காலிக மாறுதலும், ஊழியர் தாமே கேட்டு வாங்கும் மாறுதலும் ரயில்வே விதிகளில் வெவ்வேறு சாதி. முன்னதில் உங்கள் லியன், அதாவது நிரந்தரப் பணியிடத்தின் மீதான உரிமை, குன்னூரிலேயே இருக்கும், சீனியாரிட்டிக்கு ஒரு பங்கமும் வராது, 180 நாட்களுக்கு மேற்படாத மாறுதல் என்பதால் சுற்றுப்பயணத்தில் இருப்பவருக்கு உரிய பயணப்படியும் தினப்படியும் உண்டு. பின்னதில் பயணப்படி கிடையாது. போகும் இடம் வேறு சீனியாரிட்டி அலகாக, அதாவது பணிமூப்புப் பட்டியல் தனியாக உள்ள பிரிவாக இருந்துவிட்டால், அங்கே கடைசி ஆளுக்கும் கீழே உங்கள் பெயரை எழுதிவிடுவார்கள். ‘என் சொந்த விருப்பத்தின் பேரில் மாறுதல் கோருகிறேன்’ என்ற ஒற்றை வரியால், ஆறு மாதத்தில் திரும்பிவிடலாம் என்று நம்பிப் போன ஒருவர் ஆறு ஆண்டுகள் அலைந்ததை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். ஆகவே, ‘நிர்வாகத் தேவையை முன்னிட்டுத் தற்காலிக மாறுதல் ஆணை பிறப்பிக்கப்படுமானால் அதை ஏற்கச் சம்மதம்’ என்று மட்டும் எழுதுங்கள். தொடங்கும் தேதி, முடியும் தேதி, லியன் எங்கே இருக்கிறது என்ற மூன்றும் ஆணையில் எழுத்தில் வரட்டும். குன்னூர் குவார்ட்டர்ஸைச் சாதாரண வாடகையிலேயே வைத்துக்கொள்ளும் அனுமதியையும் அதோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். பிள்ளைகளின் படிப்பை வைத்துப் பார்த்தால் குடும்பம் மேலேயே இருப்பதுதான் நல்லது.

இனி வெயில். குன்னூரும் கரூரும் ஒரே சேலம் கோட்டத்தில் இருப்பதால் காகிதத்தில் இது சின்ன மாறுதலாகத் தெரியும். உடம்புக்கு அப்படியில்லை. 1,700 மீட்டர் உயரத்தில், கோடையிலும் 25 டிகிரியைச் சுற்றி நிற்கும் ஊரிலிருந்து, தமிழ்நாட்டின் அன்றாட வெப்பப் பட்டியலில் கரூர் பரமத்தியின் பெயர் அடிக்கடி முன்வரிசையில் வரும் மாவட்டத்துக்கு இறங்குகிறீர்கள். மே மாதத்தில் ஊரே மேலே ஏறும்போது நீங்கள் ஒருவர்தான் கீழே போவீர்கள்.

மனித உடம்பு வெயிலுக்குப் பழகக்கூடியதுதான். ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் வியர்வை சீக்கிரமாகவும் அதிகமாகவும் சுரக்கத் தொடங்கும், அதில் உப்பு குறையும், அதே வேலைக்கு இதயம் முன்பு போலப் படபடக்காது. ஆபத்து அந்தப் பழக்கம் வருவதற்கு முந்தைய நாட்களில்தான் இருக்கிறது. வெயிலில் வேலை செய்து உயிரிழந்தவர்களைப் பற்றிய அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்புத் துறையின் கணக்கில், திறந்தவெளி வேலைகளில் நேர்ந்த சாவுகளில் பாதிக்குக் குறையாதவை முதல் சில நாட்களிலேயே நேர்ந்திருக்கின்றன. புதிதாக வருபவருக்கு முதல் நாள் வழக்கமான வெயில் வேலையில் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு நாளுக்கு ஒரு பங்கு கூட்டி, ஐந்தாம் நாள்தான் முழு வேலை என்பது அங்கே சொல்லப்படும் அளவு. நம்மிடத்தில் யாரும் இப்படி அளந்து கொடுக்கப்போவதில்லை என்பதால்தான், ஏப்ரலுக்குப் பதிலாகப் பிப்ரவரிக் கடைசியிலேயே தொடங்கும்படி ஆணையை வாங்குங்கள் என்கிறேன். அதே நான்கு மாதம் ஜூன் கடைசியில் முடியும்; மாசி வெயிலில் தொடங்கும் உடம்பு பங்குனி, சித்திரையோடு சேர்ந்து தானும் தேறிக்கொண்டு போகும். வார ஓய்வுக்கு ஊருக்கு வந்து போவதால் பழக்கம் கெடாது. பத்துப் பதினைந்து நாள் விடுப்பில் மலையில் தங்கிவிட்டால் சம்பாதித்த பழக்கத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். திரும்பியதும் புது ஆளைப் போலவே தொடங்க வேண்டும்.

மாத்திரை விஷயத்தில் எனக்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதியில்லை. சீட்டை எடுத்துக்கொண்டு ரயில்வே மருத்துவரிடம் போய், பகல் வெயிலில் நடக்கும் வேலைக்குப் போகிறேன் என்பதைச் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்துக்குத் தரும் மருந்துகளில் சில உடம்பின் நீரையும் உப்பையும் வெளியேற்றுபவை, சில இதயத் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைப்பவை. இரண்டுமே வெயிலில் வேறு மாதிரி வேலை செய்யும். நீங்களாக ஒரு மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். ‘உப்புப் போட்ட மோரை நிறையக் குடி’ என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். உங்களுக்கு எவ்வளவு உப்பு என்பதையும் மருத்துவரே சொல்லட்டும்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். வெயிலைவிட எனக்கு அதிலேதான் கவலை. உங்கள் பாதை மீட்டர் கேஜ், பல்சக்கரப் பிடியில் வண்டி ஊர்ந்து ஏறும், தலைக்கு மேலே மின்கம்பி கிடையாது. கரூரில் அகலப்பாதை, தலைக்கு மேலே 25,000 வோல்ட் ஓடுகிறது, உடம்பும் கைக்கருவியும் அதற்கு இரண்டு மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும், வண்டியோ நூறு கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் வரும், மின்சார எஞ்சின் என்பதால் சத்தமும் முன்கூட்டிக் கேட்காது. வெயிலுக்குக் காதை மூடித் துண்டு கட்டிக்கொண்டு, களைப்பில் குனிந்து நடக்கும் கீமேனுக்கு இதைவிடக் கெட்ட சேர்க்கை கிடையாது. துண்டைக் காதுக்கு மேலே கட்டுங்கள், அல்லது தொப்பி போடுங்கள்.

அங்கே தண்டவாளமும் உங்களுக்குப் புதிது. கிலோமீட்டர் கணக்கில் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட நீளத் தண்டவாளம். விரிய இடமில்லாததால் ஏறும் வெப்பமெல்லாம் அழுத்தமாக உள்ளே நிற்கும். மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 1.9 டன் என்று கணக்கு. அழுத்தம் நீக்கிப் பூட்டியபோது இருந்த வெப்பநிலையைவிட 20 டிகிரி கூடினால் ஒவ்வொரு தண்டவாளத்திலும் 38 டன் நெருக்கிக்கொண்டிருக்கும்; பாதையை நடந்து கண்காணிக்கும் கோடை ரோந்து அந்த அளவைத் தாண்டும்போதுதான் தொடங்குகிறது. காற்று 40 டிகிரியாக இருக்கும் மத்தியானத்தில் இரும்பு 60-ஐ ஒட்டி இருக்கும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தண்டவாளத்தின் ஓரத்தோடு பார்வையை ஓட்டினால், நேற்று நேராக இருந்த இடத்தில் இன்று ஒரு சிறு நெளிவு தெரியும். அதைக் கண்டதும் சிவப்புக் கொடியோடு ஓட வேண்டியவர் நீங்கள். பாதையைத் தளர்த்தும் பராமரிப்பு வேலைகளை அந்தச் சூட்டில் செய்யக்கூடாது என்பதால், கேங் எனப்படும் பராமரிப்புக் குழுவின் வேலை விடியலில் தொடங்கிச் சீக்கிரம் முடியும். உச்சி வெயிலில் நடக்க வேண்டியது இந்த ரோந்துதான். ஆகவே ஆரம்ப இரண்டு வாரங்களுக்கு உங்களைக் கேங்கோடு காலை வேலையில் போடும்படியும், மத்தியான ரோந்தை உள்ளூர்க்காரருக்குக் கொடுக்கும்படியும் எஸ்.எஸ்.இ.யிடம் (பகுதியின் முதுநிலைப் பொறியாளரிடம்) முதல் நாளே கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

குளிர்ப் பகுதியிலிருந்து வந்த ஒருவர் எங்கள் கேங்கில் இரண்டாம் நாள் பதினொரு மணிக்கு ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, அது எங்கே என்று எங்களையே கேட்டார். சிரித்தோம். பத்து நிமிடத்தில் பேச்சுக் குழறியது. சட்டைக்குள் கை வைத்தால் நெருப்பு. கேங்கின் தலைவரான மேட் கேள்வி கேட்காமல் அவரைப் புங்க மரத்தடிக்கு இழுத்துப்போய், எங்கள் குடிதண்ணீர்க் கேன் இரண்டையும் அவர் மேலேயே கவிழ்த்து, துண்டால் விசிறிக்கொண்டே வண்டிக்குச் சொல்லி அனுப்பினார். அவர் பிழைத்தார். குழப்பம் வந்தால் முதலில் உடம்பைக் குளிர வையுங்கள், அதோடு ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள் என்பதைக் கரூரில் உங்களோடு நடப்பவருக்கும் சொல்லி வையுங்கள். மற்றபடி, தாகத்துக்குக் காத்திராமல் இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர்.

கேள்வி: என் கணவரும் இதேபோல் தற்காலிக மாறுதலில் கரூர் போகிறார். வாடகை அறைக்கு ஏர்கூலர் வாங்கித் தரலாமா, வீண் செலவா? – வாசகி, மேட்டுப்பாளையம்

பதில்: வாங்குங்கள். தண்ணீர் ஆவியாவதால்தான் கூலர் குளிர்விக்கிறது. சென்னைக் கடற்கரைப் புழுக்கத்தில் அது வெறும் மின்விசிறி, கரூரின் வறண்ட காற்றில் நன்றாகவே வேலை செய்யும். இரவில் உடம்பு ஆறினால்தான் மறுநாள் வெயிலைத் தாங்கும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், மூடிய அறையில் பயனில்லை. தகரக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ உள்ள அறையாக இருந்தால், கூலருக்கு முன்னால் அறையை மாற்றச் சொல்லுங்கள்.