ரோமில் ஆறு இரவு, இருவர், நாலரை லட்சம்: போதுமா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "நானும் மனைவியும் ஆயுத பூஜை விடுமுறையை ஒட்டி அக்டோபரில் ரோம் போகலாம் என்றிருக்கிறோம். ஆறு இரவு. ஹாஸ்டலில் படுக்கிற வயசு தாண்டிவிட்டது, பெரிய ஹோட்டலுக்கு வசதி இல்லை. விமானம், விசா எல்லாம் சேர்த்து நாலரை லட்சம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 யூரோ போதும் என்கிறார் ஒருவர், 250 இல்லாமல் கிளம்பாதே என்கிறார் இன்னொருவர். டூர் ஏஜென்ட் கொஞ்சம் கூடப் போட்டால் ஐந்து நாடு காட்டுகிறேன் என்கிறார். மனைவி சைவம். எப்படிக் கணக்குப் போடுவது?"

போதும், தாராளமாகவே போதும். ஆனால் பணத்தை எதில் இறக்குவது, எதில் பிடிப்பது என்று இங்கே வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

முதலில் அந்த 'ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு' கணக்கைத் தூக்கிப் போடுங்கள். 100 என்பவர் அறை வாடகையை விட்டுவிட்டுச் சொல்லியிருப்பார், 250 என்பவர் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லியிருப்பார், இரண்டுமே உங்களுக்கு உதவாது. கிளம்புவதற்கு முன்பே கட்டிவிடும் பணம் தனி, தங்கும் இரவுக்கு இவ்வளவு என்று போகும் பணம் தனி, அங்கே போனபின் நம் விருப்பப்படி கூட்டிக் குறைக்கக்கூடிய பணம் தனி. இந்த மூன்றாவது வகையைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். ஆனால் பட்ஜெட்டைத் தீர்மானிப்பது முதல் இரண்டும்தான்.

யூரோவை 110 ரூபாய் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள். நீங்கள் பணம் மாற்றும் அன்று அதைவிடக் குறைவாக இருந்தால் லாபம். விமானத்துக்கு இருவருக்கும் 1,30,000 ஒதுக்குங்கள். திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ நேரடி விமானம் கிடையாது, தோஹா, துபாய், அபுதாபி என்று வளைகுடா வழியாகத்தான் பெரும்பாலும் போக வேண்டியிருக்கும், முன்கூட்டியே பார்த்தால் இந்தத் தொகைக்குள் முடியும். இத்தாலி உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு ஆளுக்கு 90 யூரோ கட்டணம், அதோடு விசா மையத்தின் சேவைக் கட்டணம், குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு, எல்லாம் சேர்த்து இருவருக்கும் 30,000 ரூபாய் என்று போட்டுக்கொள்ளுங்கள். விசா மறுக்கப்பட்டாலும் அந்தக் கட்டணம் திரும்ப வராது. அதனால் விசா கையில் வரும்வரை ஹோட்டலை 'இலவசமாக ரத்து செய்யலாம்' என்ற வகையில் மட்டுமே பதிவு செய்யுங்கள், பத்து யூரோ கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை.

சரி, தங்குமிடம். இதில் சிக்கனம் பிடிக்காதீர்கள். ரோமின் பழைய நகரம் நடந்தே சுற்றக்கூடிய அளவுதான். பழைய ரோமானிய அரங்கமான கொலோசியத்திலிருந்து பாந்தியன் என்ற பழங்காலக் கோயில் அரை மணி நடை, அங்கிருந்து ட்ரெவி நீரூற்று பத்து நிமிடம், ஆற்றைத் தாண்டினால் வாடிகன். நகருக்குள் 190 ஆகும் அறையை ஊருக்கு வெளியே 120 யூரோவுக்கு எடுத்தால் இரவுக்கு 70 யூரோ மிச்சம் என்று தோன்றும். ஆனால் மத்தியானம் கால் வலித்தால் அறைக்குப் போய் ஒரு மணி நேரம் படுத்து எழ முடியாது, அந்த நேரத்தை நினைவுச்சின்னங்களுக்குப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்து காபிக்கும் ஐஸ்கிரீமுக்கும் இரட்டை விலை கொடுத்தே கழிக்க வேண்டியிருக்கும், ராத்திரி மெட்ரோ வார நாட்களில் பதினொன்றரைக்கெல்லாம் நின்றுவிடுவதால் டாக்ஸி வேறு. மிச்சம் பிடித்ததெல்லாம் அப்படியே கரைந்துவிடும்.

மோன்டி பகுதி எனக்குப் பிடித்தது. கொலோசியத்துக்குப் பக்கம், சந்துகள், சின்னச் சின்ன உணவகங்கள். வாடிகன் பக்கத்து பிராத்தி அமைதியான, அகலத் தெருக்கள் கொண்ட இடம், குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். ட்ராஸ்தெவெரே அழகுதான், ஆனால் ராத்திரி தூக்கம் வேண்டுமென்றால் யோசியுங்கள். டெர்மினி ரயில் நிலையத்தை ஒட்டிய எஸ்குயிலினோ விலை குறைவு, கொஞ்சம் அழுக்காகவும் இருக்கும், ஆனால் பியாட்சா விட்டோரியோ பக்கம் வங்கதேசத்தவர், இந்தியர் நடத்தும் மளிகைக் கடைகளும் ஒரு பெரிய சந்தையும் உண்டு. மனைவிக்குத் தயிரும் பச்சைமிளகாயும் தேவைப்பட்டால் அங்கே போகலாம். அக்டோபரில் இந்தப் பகுதிகளில் சுமாரான மூன்று நட்சத்திர இரட்டை அறைக்கு 190 யூரோ என்று வையுங்கள். அறை சின்னதாகத்தான் இருக்கும், அதற்காக வருத்தப்பட வேண்டாம். லிஃப்ட் இருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள், பழைய கட்டடங்களில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறியவர்கள் பலர்.

அறை வாடகையோடு ரோம் நகராட்சியின் தங்கும் வரி ஒன்று உண்டு. மூன்று நட்சத்திர ஹோட்டலுக்கு ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 யூரோ, நான்கு நட்சத்திரம் என்றால் 7.50. உங்களுக்கு ஆறு இரவுக்கு 72 யூரோ, கிட்டத்தட்ட எட்டாயிரம் ரூபாய். பதிவு செய்யும் தளத்தில் காட்டும் விலையில் பெரும்பாலும் இது சேர்ந்திருக்காது, ஹோட்டலில் தனியாகக் கேட்பார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று கவுண்டரில் சண்டை போட வேண்டாம்.

அக்டோபர் என்பது ரோமில் உச்ச சீசன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நவம்பர் முதல் வாரம் தாண்டிவிட்டால் அதே அறை 120 பக்கம் இறங்கிவிடும். மழை உண்டு, ரோமில் அதிகம் மழை பெய்யும் மாதங்களில் நவம்பரும் ஒன்று. ஆனால் ஆறு இரவில் 46,000 ரூபாய் மிச்சமாகும், கூட்டமும் குறைவு. லீவு கிடைக்குமென்றால் நான் நவம்பருக்குத் தள்ளுவேன்.

ஃபியூமிசினோ விமான நிலையத்திலிருந்து நகரின் பழைய மதிலுக்குள் எங்கே போனாலும் டாக்ஸிக்கு 55 யூரோ என்று நிர்ணயித்த கட்டணம், அது வண்டிக்கு, ஆளுக்கு அல்ல, பெட்டிக்கும் தனியாகக் கிடையாது. ரோம் நகராட்சி உரிமம் பெற்ற வெள்ளை டாக்ஸியா என்று கதவில் பார்த்து ஏறுங்கள், ஏறும் முன்பே 55 என்று சொல்லிவிடுங்கள். டெர்மினிக்கு இடைநில்லா ரயில் ஆளுக்கு 14 யூரோ. ட்ராஸ்தெவெரே வழியாகப் போகும் சாதாரண ரயில் 8 யூரோ. மோன்டியில் தங்கினால் போகும்போது டாக்ஸி, திரும்பும்போது ரயில் என்று 83 யூரோ வைக்கலாம். ஊருக்குள் பஸ், மெட்ரோ டிக்கெட் ஒன்றரை யூரோ, 100 நிமிடம் செல்லும். கார்டைத் தட்டியும் ஏறலாம், ஆனால் ஒரே கார்டை இருவருக்கும் தட்ட முடியாது, ஆளுக்கொரு கார்டு வேண்டும். நடக்கிறவர்களுக்கு ஆறு நாளைக்கும் சேர்த்து 40 யூரோ மிகவும் தாராளம். நாள் பாஸ், சுற்றுலா அட்டை எதுவும் உங்களுக்கு வேண்டாம். 64ஆம் எண் பஸ்ஸிலும் டெர்மினியிலும் பர்ஸ் பத்திரம்.

பார்க்கும் இடங்களுக்கான செலவு பலர் பயப்படும் அளவுக்கு இல்லை. கொலோசியம், அதோடு பழைய ரோமின் இடிபாடுகள் நிற்கும் ஃபோரம், பாலடைன் குன்று எல்லாம் சேர்ந்து 18 யூரோ. டிக்கெட்டில் பெயர் இருக்கும், பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள். அதிகாரபூர்வத் தளத்தில் சுமார் ஒரு மாதம் முன்னால்தான் விற்பனை திறக்கும், திறந்த அன்றே வாங்கிவிடுங்கள், தவறவிட்டால் இடைத்தரகர்கள் அதே டிக்கெட்டை ஒரு கைடோடு ஒட்டி மூன்று மடங்குக்கு விற்பார்கள். ரோமில் பணம் வீணாகும் பெரிய ஓட்டை இதுதான். வாடிகன் அருங்காட்சியகங்கள் 20, இணையப் பதிவுக்கு 5, மொத்தம் 25. மாதத்தின் கடைசி ஞாயிறு இலவசம்தான், ஆனால் அந்த வரிசையில் நிற்பதற்குப் பதில் 25 யூரோ கொடுத்துவிடலாம். பாந்தியனுக்கு 2023 ஜூலையிலிருந்து 5 யூரோ. போர்கேசே கலைக்கூடத்துக்கு முன்பதிவு கட்டாயம், ஆளுக்கு 20க்குள் முடியும். ட்ரெவி நீரூற்றின் விளிம்புவரை இறங்க இப்போது 2 யூரோ, மேலே நின்று பார்க்க எதுவும் வேண்டாம். ஒருநாள் வெளியூர் போக ஆசை என்றால் ஃப்ளாரன்ஸுக்கு ஓடாமல் ஓஸ்தியா அந்திகா போங்கள், அதே ஒன்றரை யூரோ நகர டிக்கெட்டில் ரயில், நுழைவு 18, பழைய துறைமுக நகரம் முழுவதும் கூட்டமில்லாமல் கிடைக்கும். எல்லாம் சேர்த்து இருவருக்கும் 180 யூரோ.

இதற்கு மேல் கிடைப்பது இலவசம், அதுவும் சாதாரணமானதல்ல. செயின்ட் பீட்டர்ஸ் பசிலிக்காவுக்குக் கட்டணம் இல்லை. சான் லூயிஜி தேவாலயத்தில் இத்தாலிய ஓவியர் காரவாஜியோவின் மூன்று ஓவியங்கள், விளக்கு எரிய ஒரு நாணயம் போட்டால் போதும். சாந்தா மரியா தெல் போபொலோவில் இன்னும் இரண்டு. மைக்கேலாஞ்சலோவின் மோசே சிலை சான் பியெத்ரோ இன் வின்கோலி தேவாலயத்தில் சும்மா நிற்கிறது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான். புதன் காலை போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு இருந்தால் பசிலிக்காவுக்குள் விடமாட்டார்கள், அன்று வேறு பக்கம் போங்கள்.

சாப்பாட்டில்தான் கட்டுப்பாடு உங்கள் கையில் இருக்கிறது. காலையில் ஒரு பாரில் போய் நின்றபடியே காபியும் கொர்னெத்தோ என்ற இனிப்பு பன்னும் சாப்பிட்டால் இருவருக்கும் 6 யூரோ. அதே காபியை சதுக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குடித்தால் விலை வேறு, பல இடங்களில் இரண்டு மூன்று மடங்கு. நம்மூர் டீக்கடை மாதிரி நின்று குடித்துவிட்டுப் போவதுதான் அங்கே வழக்கம், யாரும் கேவலமாகப் பார்க்கமாட்டார்கள். மதியம் எடைக்கு வெட்டித் தரும் பிட்சா, ஏதாவது சாலட், 18க்குள். மாலையில் ஜெலாத்தோ (இத்தாலிய ஐஸ்கிரீம்), காபி என்று 10. இரவு ஒரு சுமாரான த்ரத்தோரியாவில் (எளிய உணவகம்) இரண்டு பாஸ்தா, ஒரு காய்கறி, அரை லிட்டர் ஹவுஸ் ஒயின், தண்ணீர் பாட்டில் என்றால் 55 பக்கம் வரும். பிட்சா சாப்பிடும் ராத்திரி 35க்குள் எழுந்து வரலாம். ஆக நாளுக்கு 90 யூரோ, ஆறு நாளுக்கு 540.

பில்லில் ரொட்டிக்கு, மேசைக்கு என்று ஆளுக்கு ஒன்றரை முதல் மூன்று யூரோ வரை சேர்ப்பார்கள், மெனு அடியில் பொடி எழுத்தில் இருக்கும். டிப்ஸ் கட்டாயமில்லை. மீன் சாப்பிடுவீர்களென்றால் விலை 100 கிராமுக்கா முழு மீனுக்கா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், 7 யூரோ என்று நினைத்து வாங்கிய மீன் 50 யூரோ பில்லாக வருவது இப்படித்தான். குடிநீருக்குத் தெருவில் நூற்றுக்கணக்கான குழாய்கள் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும், நல்ல தண்ணீர், ஒரு பாட்டில் கையில் இருந்தால் போதும்.

சைவத்துக்குக் கஷ்டமில்லை, ஆனால் ரோமின் பேர்பெற்ற பாஸ்தாக்களான கார்பொனாரா, அமாத்ரிசியானா இரண்டிலும் பன்றிக் கன்ன இறைச்சி உண்டு. மிளகும் பெக்கொரினோ என்ற செம்மறியாட்டுப் பால் சீஸும் போட்ட காச்சோ எ பெப்பே பாஸ்தா கிடைக்கும், ஆனால் அந்தச் சீஸை உறைய வைப்பது ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதியால் என்பதை மனைவியிடம் சொல்லிவிடுங்கள், முடிவு அவர்களுடையது. சுப்லி என்ற அரிசி உருண்டைக்குள் கறி இருக்கலாம், கேட்டு வாங்குங்கள். தக்காளி பாஸ்தா எங்கேயும் உண்டு.

இப்போது கூட்டிப் பாருங்கள். விமானம் 1,30,000. விசா, காப்பீடு 30,000. அறையும் வரியும் 1,212 யூரோ, அதாவது 1,33,000 சொச்சம். விமான நிலையப் போக்குவரத்து, ஊருக்குள் பஸ், டிக்கெட்டுகள், சாப்பாடு எல்லாம் 843 யூரோ, 93,000க்குக் கொஞ்சம் குறைவு. மொத்தம் 3,86,000. கையில் 64,000 நிற்கிறது. அதில் 30,000ஐத் தொடாமல் அவசரத்துக்கு வையுங்கள். மீதியில் போன் டேட்டா, ஒரு நல்ல இரவுச் சாப்பாடு, வீட்டுக்கு வாங்கும் சாமான். இன்னொரு ஊரைச் சேர்க்க வேண்டாம், அதுதான் ஏஜென்டுக்கும் என் பதில். ஐந்து நாட்டுப் பேக்கேஜில் ஹோட்டல் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரம் இருக்கும், பாதி நாள் பஸ்ஸில் போகும், விருப்ப நுழைவு என்று கொலோசியத்துக்குள் போகத் தனிப்பணம் கேட்பதும் உண்டு. தவிர, வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கினால் முதல் ரூபாயிலிருந்தே டிசிஎஸ், அதாவது விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அது திரும்பக் கிடைக்கும், ஆனாலும் அதுவரை உங்கள் பணம் முடங்கும். நீங்களே தனித்தனியாகப் பதிவு செய்து, ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணத்தை முன்பே ஏற்றிவைக்கும் கார்டு) யூரோ ஏற்றிக்கொண்டால் ஆண்டுக்குப் பத்து லட்சம் வரை அந்தத் தொல்லை இல்லை.

கார்டு விஷயம் ஒன்றே ஒன்று. கடையில், ஏடிஎம்மில் ரூபாயில் பிடிக்கட்டுமா யூரோவிலா என்று திரையில் கேட்டால் எப்போதும் யூரோ. ரூபாயைத் தொட்டால் அவர்கள் போடும் மாற்று விகிதத்தில் நாலைந்து சதவீதமாவது போய்விடும். இத்தாலியில் சின்னக் கடைகளும் கார்டு வாங்கியாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, ரொக்கமாக 150 யூரோ எடுத்துப் போனால் போதும்.

விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அக்டோபர் பயணத்துக்கு ஜூலைக்குள் கொடுத்துவிடுங்கள், கோடையில் விசா மையத்தில் நேரம் கிடைப்பதே கஷ்டம். இறங்கும் அன்றைக்கு எந்த டிக்கெட்டும் நேரம் குறித்து வாங்காதீர்கள். குடியேற்ற வரிசை இப்போதெல்லாம் எவ்வளவு நீளும் என்று சொல்ல முடிவதில்லை.