வெள்ளணுவைக் குறைக்கும் ஊசி எதிர்ப்பு சக்தியை எப்படிக் கூட்டும்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன், வயது 41. ஹெபடைடிஸ் பி-க்காக ஐந்து ஆண்டுகளாக டெனோஃபோவிர் சாப்பிடுகிறேன். ரத்தத்தில் வைரஸ் ‘கண்டறியப்படவில்லை’ என்றே வருகிறது, எச்.பி.எஸ்.ஏ.ஜி. மட்டும் பாசிட்டிவ். கோவை மருத்துவர் 48 வாரம் இன்டர்ஃபெரான் ஊசியும் சேர்க்கலாம் என்கிறார். அது வெள்ளணுவைக் குறைக்குமாமே? வீட்டிலோ, கீழாநெல்லி போதும் என்கிறார்கள்.

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது சரிதான், வெள்ளணு குறையும். ஆனால் எந்த வெள்ளணு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

டெனோஃபோவிர் வைரஸ் பெருகுவதைத் தடுக்கிறது, அவ்வளவுதான். கல்லீரல் செல்லின் கருவுக்குள் வட்ட வடிவில் பதுங்கியிருக்கும் வைரஸ் டி.என்.ஏ.வை அது தொடுவதில்லை. அங்கிருந்தும், செல்லின் சொந்த டி.என்.ஏ.வுக்குள் செருகிக்கொண்ட வைரஸ் துண்டுகளிலிருந்தும்தான் எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்னும் வைரஸின் மேலுறைப் புரதம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. இந்தப் புரதத்தின் வெள்ளத்தில் பல ஆண்டுகள் நின்றதால், வைரஸை அழிக்க வேண்டிய டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் சோர்ந்துபோயிருக்கும். எண்ணிக்கையும் குறைவு, இருப்பவற்றுக்கு வேகமும் இல்லை. மாத்திரையை நெடுநாள் தொடர்ந்தால் அவற்றின் செயல்திறன் ஓரளவு திரும்புகிறது. முழுதாகத் திரும்புவதில்லை.

இன்டர்ஃபெரான் வேறு வழியில் போகிறது. அது எழுப்புவது பெரும்பாலும் இயற்கைக் கொல்லி செல்கள் என்னும் வேறொரு வகை வெள்ளணுக்களை. அவற்றில் ஒரு பிரிவு ஊசி தொடங்கிய சில வாரங்களிலேயே பெருகிவிடும். அதே காலத்தில் எலும்பு மஜ்ஜை மந்தமாகி நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுவும் தட்டணுக்களும் இறங்கும். டி செல்களின் எண்ணிக்கைகூடக் குறையும். ஊசியை நிறுத்தினால் ரத்த அணுக்கள் பொதுவாக மீண்டுவிடும். ரத்த அறிக்கையில் மொத்த வெள்ளணு குறைந்திருப்பதைப் பார்த்து எதிர்ப்பே போய்விட்டது என்று கொள்ள வேண்டாம். ஆனால் அந்த அறிக்கையைத் தவறாமல் எடுக்க வேண்டும்.

கூட்டு சிகிச்சையால் எவ்வளவு பயன்? மிகைப்படுத்திச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இதற்குமுன் சிகிச்சை எடுக்காத 740 பேரிடம் நடந்த ஆய்வில், இரண்டையும் 48 வாரம் எடுத்தவர்களில் சுமார் 9 சதவீதம் பேருக்கு 72ஆம் வாரத்தில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. மறைந்திருந்தது, மாத்திரை மட்டும் எடுத்த ஒருவருக்கும் மறையவில்லை. வைரஸின் மரபணு வகை ‘ஏ’ ஆக இருந்தவர்களிடம் வெற்றி விகிதம் அதிகம். நம் நாட்டில் பரவலாக உள்ள ‘டி’ வகைக்குப் பலன் குறைவு. எனவே, ஊசிக்குச் சம்மதிக்கும் முன் எச்.பி.எஸ்.ஏ.ஜி. ‘அளவு’ப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். பாசிட்டிவா நெகட்டிவா என்று மட்டும் சொல்லும் சோதனை இதற்குப் போதாது. அளவு (ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை சர்வதேச அலகு, IU/mL என்று வரும்) சில நூறுக்குள் இருந்தால் முயன்று பார்க்கலாம். பல ஆயிரம் என்றால் நான் அவசரப்பட மாட்டேன்.

கல்லீரல் சுருக்கம் முற்றியவர்களுக்கு இந்த ஊசி ஆபத்து. தைராய்டு கோளாறோ மனச்சோர்வோ இருந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். முதல் சில ஊசிகளுக்குப் பின் காய்ச்சல், உடல்வலி வரும். இரவில் போட்டுக்கொண்டால் மறுநாள் கடையைத் திறப்பது சற்று எளிது. இடையில் கல்லீரல் நொதி ஏறினால், எதிர்ப்பு செல்கள் நோயுற்ற செல்களைத் தாக்குவதாக இருக்கலாம். நல்ல அறிகுறியாகவும் முடியும், விபரீதமாகவும் முடியும். அதை மருத்துவர்தான் பிரித்தறிய வேண்டும். மஞ்சள் காமாலை தெரிந்தால் அன்றே போங்கள்.

கோவையிலிருந்து வேலந்தாவளம் வழியாக பஸ்ஸில் ஊசி வாங்கி வருவதானால் ஐஸ் பெட்டி அவசியம். வீட்டில் 2 முதல் 8 டிகிரிக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். உறைபெட்டியில் வைத்தால் மருந்து கெட்டுவிடும்.

கீழாநெல்லி பற்றி: 1988இல் சென்னை ஆய்வொன்று நம்பிக்கையூட்டும் முடிவை லான்செட் இதழில் வெளியிட்டது உண்மை. பிறகு மற்ற இடங்களில் நடந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. அதை நம்பி டெனோஃபோவிரை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் வைரஸ் சீறி எழுந்து கல்லீரலே செயலிழந்த கதைகள் உண்டு.

24ஆம் வாரத்தில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. அளவை மறுபடி பாருங்கள். இறங்கவே இல்லையென்றால் மீதி ஊசிகள் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரை மட்டும் தொடரட்டும்.