கறுப்பு காரில் ஸ்பிரே வேக்ஸ் அடித்தால் கோடு கோடாக வெள்ளை படிகிறதே, என்ன செய்யலாம்?

கேள்வியில் நீங்கள் சொன்னது: தர்மபுரியில் வீட்டு வாசலிலேயே காரைக் கழுவுகிறீர்கள், ஸ்பிரே வேக்ஸ் அடித்துத் துடைக்கிறீர்கள், நிழலில் பளபளவென்று இருக்கிறது, வெயிலுக்கு வந்ததும் துடைத்த கோடெல்லாம் தெரிகிறது, மேலே புகை படிந்தது போல ஒரு மங்கல். வேறு கம்பெனி வேக்ஸ் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். இருக்கும் பாட்டிலே போதும். நான் கிருஷ்ணகிரியில் இருக்கிறேன், என்னுடையதும் கறுப்பு கார்தான். நம் பக்கத்தில் இந்தப் பிரச்சினைக்குப் பெரும்பாலும் காரணம் இரண்டு: போர் தண்ணீர், அளவுக்கு மேல் அடிக்கும் வேக்ஸ்.

முதலில் தண்ணீர். ஃபுளோரைடு தொல்லையால் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்த மாவட்டங்கள் நம்முடையவை. காருக்கு ஃபுளோரைடு பிரச்சினை இல்லை. அதே போர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும்தான் பிரச்சினை. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு பெயின்ட் மேலேயே உட்கார்ந்துவிடும். அதன் மேல் வேக்ஸ் அடித்துத் தேய்த்தால் உப்பும் வேக்ஸும் கலந்து இழுபடும். நீங்கள் பார்க்கும் மங்கலில் பாதி இதுவாகத்தான் இருக்கும். சில பாட்டில்களில் "கழுவிய ஈரத்தின் மேலேயே அடிக்கலாம்" என்று போட்டிருப்பார்கள். நல்ல தண்ணீர் உள்ள ஊருக்கு அது சரி. போர் தண்ணீரில் கழுவிவிட்டு அப்படிச் செய்யாதீர்கள்.

அதனால் முழு காரையும் ஒரேயடியாக நனைத்துவிட்டுக் காய விடக் கூடாது. ஷாம்பு போட்டு அலசியதும், சொட்டு காய்வதற்குள் பெரிய மைக்ரோஃபைபர் துண்டால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். கடைசி அலசலுக்கு மட்டும் பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ, ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரோ ஒரு வாளி இருந்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இரண்டிலும் உப்பு மிகக் குறைவு. (ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரைக் காருக்கு ஊற்றினால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.)

அடுத்தது அளவு. நான் போகும் வாட்டர் வாஷ் கடையில் வேலை செய்யும் தம்பி, "அண்ணா, நல்லா நாலு அடி அடிச்சாத்தான் ஷைனிங் வரும்" என்பார். ஷைனிங் அப்படி வராது. பெயின்டில் பிடிப்பது மெல்லிய ஒரு படலம் மட்டும்தான். மிச்சமெல்லாம் மேலே கிடந்து, அரைகுறையாகக் காய்ந்து, கோடாகத் தெரியும். ஒரு கதவுக்கு ஒன்று அல்லது இரண்டு அடி. பானெட்டைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பாட்டிலை நன்றாகக் குலுக்கிவிட்டு, பெயின்ட் மேல் அடிக்காமல் துணியில் அடியுங்கள். அந்தத் துணியால் பரப்பியதும், காய விடாமல் இன்னொரு உலர்ந்த துணியால் லேசாகத் துடைத்து எடுங்கள். ஒரு பகுதி முடிந்த பிறகுதான் அடுத்தது. முழு காருக்கும் அடித்துவிட்டுத் திரும்பி வந்து துடைப்பதெல்லாம் டப்பா வேக்ஸ் போடும் முறை.

துணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பனியன் வேஸ்ட் இதற்கு ஆகாது. 300 முதல் 400 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற துணியின் கனம்) மைக்ரோஃபைபர் இரண்டு மூன்று வாங்கி, முதலில் ஒரு தடவை துவைத்துவிடுங்கள். துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி எதையும் ஊற்ற வேண்டாம், அதன் பிசுக்கு துணியில் நின்று அதுவே கோடு போடும். துடைக்கும் துணி ஈரமாகிவிட்டால் புரட்டுங்கள், எல்லாப் பக்கமும் ஈரமானால் மாற்றுங்கள்.

வெயிலில் நிறுத்திச் செய்யக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் நிழலில் நிறுத்தினாலும், ஓட்டி வந்த உடனே பானெட் சுடும். புறங்கையை வைத்துப் பாருங்கள், சூடு இருந்தால் காத்திருங்கள். மார்கழியில் ஓசூர் பக்கம் இதற்கு நேர்மாறு: காலையில் பெயின்ட் மேல் பனி இறங்கியிருக்கும், வேக்ஸ் காயாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். அப்போது ஒன்பது பத்து மணிக்கு மேல் நிழலில் செய்தால் சரியாக வரும்.

நம் ஊருக்கே உரிய இரண்டு விஷயங்கள். மாமரத்தடியில் நிறுத்துகிறவர் என்றால், பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சியின் பிசுபிசுப்பான கழிவு சொட்டு சொட்டாக விழுந்திருக்கும். ஷாம்பு போட்டு ஊற வைத்துத்தான் அதை எடுக்க முடியும். வேக்ஸ் துணியால் தேய்த்தால் கார் முழுக்கப் பரவிவிடும். இன்னொன்று கிரானைட் தூசி. அதில் குவார்ட்ஸ் இருக்கிறது, கார் பெயின்டை விட மிகக் கடினமானது. தூசியின் மேல் ஸ்பிரே அடித்து "துடைத்தால் போயிற்று" என்று செய்தால், உப்புத்தாளால் தேய்த்த மாதிரிதான் ஆகும்.

இப்போது காரில் இருக்கும் மங்கலை எப்படி எடுப்பது? நன்றாகப் பிழிந்த ஈர மைக்ரோஃபைபரால் ஒரு சின்ன இடத்தைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். போய்விட்டால் அது வெறும் மிச்ச வேக்ஸ், முழு காருக்கும் அதையே செய்யலாம். போகாவிட்டால் ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சரிபாதி தண்ணீர் கலந்து துணியில் நனைத்துத் துடைக்கலாம், வேக்ஸும் சேர்ந்து போய்விடும், மறுபடி அடித்துக்கொள்ள வேண்டியதுதான். மண்ணெண்ணெய், தின்னர் பக்கம் போகாதீர்கள்.

இவ்வளவு செய்தும், மொபைல் டார்ச் அடித்துப் பார்க்கும்போது வட்ட வட்டமாகச் சிலந்தி வலை போலத் தெரிகிறதென்றால் அது கீறல். எந்த ஸ்பிரேவும் அதை எடுக்காது, மெஷின் பாலிஷ்தான் வழி.

முன் கண்ணாடியில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழையில் வைப்பர் போட்டதும் எல்லாம் மங்கலாகி, தொப்பூர் கணவாய் இறக்கத்தில் எதிரே வரும் லாரியின் விளக்கு மட்டும்தான் தெரியும்.