பாயிண்டுக்கு எந்த மோட்டார்? தோட்ட ரயில் கேள்வி-பதில்

(வீட்டுத் தோட்டத்தில் தண்டவாளம் போட்டு ஓட்டும் சின்ன மாதிரி ரயில்தான் தோட்ட ரயில். அதில் தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடம் பாயிண்ட். அங்கே இப்படியும் அப்படியும் நகரும் கூர்முனைத் தண்டவாளம் நாக்கு.)

அண்ணாச்சி, பாயிண்ட் போட எந்த மோட்டார் நல்லது? ஒண்ணு சொல்லுங்க, வாங்கிருதேன். (வள்ளியூர் வாசகர்)

எத்தனை பாயிண்ட், சுவிட்ச் பேனலிலிருந்து எவ்வளவு தூரம், தண்டவாளத்தில் கரண்டா, லோகோவுக்குள் (எஞ்சினுக்குள்) பேட்டரியா, நாக்கு எத்தனை மி.மீ. நகர்கிறது? ஒன்றையும் எழுதவில்லை. இதற்கு ஜோசியரைத்தான் பார்க்க வேண்டும். அளந்து எழுதுங்கள். அதற்கு முன்னால் ஒரு சோதனை: இரண்டு நாக்கையும் இணைக்கும் டைபார் பட்டையை ஒற்றை விரலால் தள்ளிப் பாருங்கள். இரண்டு பக்கமும் பிடிக்காமல் நகர்ந்து, நாக்கு ஸ்டாக் ரெயிலோடு, அதாவது பக்கத்தில் அசையாமல் நிற்கும் தண்டவாளத்தோடு, ஒட்டி உட்கார வேண்டும். உட்காராத பாயிண்டில் எதை மாட்டினாலும் கெட்டபெயர் மோட்டாருக்குத்தான்.

எல்ஜிபி (தோட்ட ரயில் செய்யும் ஜெர்மன் கம்பெனி) மோட்டாருக்கு சாதா ஆன்-ஆஃப் சுவிட்ச் வழியாக 12 வோல்ட் டிசி கொடுத்தேன். நாலு தடவை வேலை செய்தது, அப்புறம் புகை வந்துட்டு. டூப்ளிகேட்டா? (பாளையங்கோட்டை)

மோட்டார் ஒரிஜினல்தான், சுவிட்ச்தான் தப்பு. அது ஒரு தட்டு தட்டினால் போதும் என்று செய்த மோட்டார். பாயிண்ட் மாறிய பிறகும் கரண்ட் போய்க்கொண்டே இருந்தால் உள்ளே சுருள் வெந்துவிடும். அந்தக் கம்பெனியின் கன்ட்ரோல் பெட்டி ஏசியில் பாதி அலையை மட்டும் அனுப்பும். எந்தப் பாதி வருகிறதோ அதை வைத்து மோட்டார் திசை மாறும். டிசியில் ஓட்ட வேண்டுமானால் நடுவில் ஆஃப் ஆகி, கையை எடுத்ததும் தானே திரும்பும் டிபிடிடி டாகிள் (பிளஸ்-மைனஸை மாற்றிக் கொடுக்கும் சுவிட்ச்) போடுங்கள். ஒரு நொடிக்கு மேல் அழுத்தாதீர்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

கார் சென்ட்ரல் லாக் மோட்டார் மேஜையில் டப்பென்று அடிக்கிறது. தோட்டத்தில் 15 மீட்டர் தள்ளி மாட்டினால் முனகுகிறது. ஒயர் பழைய டெலிபோன் ஒயர். (தென்காசி)

காரணத்தை நீங்களே கடைசி வரியில் எழுதிவிட்டீர்கள். போக 15, வர 15, ஆக 30 மீட்டர். டெலிபோன் ஒயரில் அது இரண்டரை ஓமுக்குக் குறையாது. மோட்டாரே ஏறத்தாழ மூன்று ஓம்தான். பாதி வோல்ட்டை ஒயரே தின்றுவிடுகிறது. ஒன்றரை ஸ்கொயர் (ச.மி.மீ.) ஒயர் இழுங்கள். நாலு ஆம்பியர் போனாலும் ஒன்றரை வோல்ட்தான் குறையும். 2 ஆம்பியர் அடாப்டரும் இதற்குத் தாங்காது. 12 வோல்ட் 7 ஏ.எச். யுபிஎஸ் பேட்டரி ஒன்றும் அதன் வாயிலேயே ஒரு ஃபியூஸும் வையுங்கள்.

இந்த மோட்டாரில் இன்னும் இரண்டு சங்கதி உண்டு. தண்டு இருபது மி.மீ. வரை ஓடும், உங்கள் நாக்குக்கு ஐந்தாறு மி.மீ. போதும். நேராக மாட்டினால் டைபார் முறியும். நடுவில் மூன்றுக்கு ஒன்று கணக்கில் ஓட்டத்தைக் குறைக்கும் கிராங்க் (நெம்புகோல்) போடுங்கள், அல்லது 1 மி.மீ. பியானோ கம்பியை வளைத்து மிச்ச ஓட்டத்தை அது வாங்கிக்கொள்ளும்படி செய்யுங்கள். அடுத்தது, தள்ளி முடித்ததும் இந்த மோட்டார் பிடியை விட்டுவிடும். சக்கரம் இடித்தால் நாக்கு திறக்கும். அதனால் டைபாரில் இரு பக்கமும் சொடுக்கி உட்காரும் ஸ்பிரிங் கட்டாயம். வாங்கும்போது ஐந்து ஒயர் உள்ளதைக் கேளுங்கள். இரண்டு மோட்டாருக்கு, மற்ற மூன்று உள்ளே இருக்கும் சுவிட்சுக்கு. பேனலில் பச்சை, சிவப்பு விளக்கு எரிய அது உதவும்.

டார்ட்டாய்ஸ் மோட்டார் வெளியே வைக்கலாமா? (கடையநல்லூர்)

வேண்டாம். அருமையான மோட்டார்தான், 15 மில்லி ஆம்பியரில் நாளெல்லாம் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆனால் வீட்டுக்குள், பலகைக்கு அடியில் வைக்கச் செய்தது.

மோட்டாரை ஜங்ஷன் பாக்ஸில் வைத்து சுற்றிலும் சிலிக்கான் பேஸ்ட் அடித்து, ஓட்டை எல்லாவற்றையும் எம்-சீல் போட்டு அடைத்தேன். ஐப்பசி மழை முடிந்து திறந்தால் உள்ளே தண்ணீர். எந்தப் பக்கம் விட்டுப்போச்சு? (அம்பாசமுத்திரம்)

ஒரு பக்கமும் விட்டுப்போகவில்லை. அதுதான் கோளாறு. எத்தனை முறை எழுதினாலும் மறுபடி யாராவது பேஸ்ட் டியூபை எடுத்துவிடுகிறார்கள்.

மத்தியான வெயிலில் பெட்டிக்குள் காற்று சூடாகி விரியும், இண்டு இடுக்கு வழியாகக் கொஞ்சம் வெளியே போகும். நாலு மணிக்கு மழை அடித்ததும் பெட்டி சட்டென்று குளிரும். உள்ளே காற்று சுருங்கி, போனதைத் திரும்ப இழுக்கும். அந்த நேரம் வெளியே இருப்பது தண்ணீர். பேஸ்டில் மயிரிழை விரிசல் போதும். அது இல்லாவிட்டாலும், பல இழை ஒயரின் உறைக்குள்ளேயே நீர் ஏறி வரும். வந்த நீர் போக வழியில்லை. பகலில் ஆவியாகி, இரவில் இட்லிக் கொப்பரை மூடியில் போல மூடிக்கு அடியில் முத்து முத்தாக நின்று, நேரே மோட்டார் மேல் சொட்டும். மோட்டாருக்குள் கரண்டை வாங்கும் செம்பு வளையம், கம்யூட்டேட்டர், பச்சை பூத்து மோட்டார் நிற்கும்.

பெட்டியின் மேலும் பக்கமும் மூடியிருக்கட்டும். அடியில் 6 மி.மீ. ஓட்டை இரண்டு போடுங்கள். எறும்பு குடியேறாமல் உள்பக்கம் ஸ்டீல் வலை ஒட்டுங்கள். கொசுவலைத் துணியை எறும்பு கடித்துவிடும். பெட்டி மண்ணில் உட்காரக்கூடாது. பத்து செ.மீ. ஜல்லி பரப்பி அதன்மேல் செங்கல், செங்கல்மேல் பெட்டி. கரிசல் மண் என்றால் ஜல்லி இருபது செ.மீ. ஒயர் கீழிருந்து நுழைய வேண்டும், அதுவும் ஒரு தொங்கல் விட்டு. ஒயரில் வழிந்து வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும். இணைப்புகளில் சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் குழாய்) மாட்டுங்கள். இன்சுலேஷன் டேப் நம் ஊர் சித்திரை வெயிலில் பசையாக இளகிப்போகும். ஸ்குரூ டெர்மினலில் வாசலின் தடவினால் போதும்.

அப்புறம் கடைப் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் ‘ஐபி 67’ அட்டை. தூசி புகாது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதுதான் அதற்கு அர்த்தம். மூன்று வருஷ வெயிலைத் தாங்குமா என்று அந்தச் சோதனையில் யாரும் பார்ப்பதில்லை.

சர்வோ போட்டேன். ஆன் செய்ததும் உதறுகிறது, ராத்திரி முழுக்க கிர்ரென்று சத்தம். (நாங்குநேரி)

சர்வோ என்பது சிக்னல் சொல்லும் கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சின்ன கியர் மோட்டார். நீளமான சிக்னல் ஒயர்தான் காரணமாக இருக்கும். கன்ட்ரோல் போர்டை சர்வோவுக்குப் பக்கத்தில், ஒரு மீட்டருக்குள் வையுங்கள். தோட்டத்தில் 12 வோல்ட்டை இழுத்துப் போய், அங்கேயே 5 வோல்ட்டாகக் குறையுங்கள். சர்வோ வாயில் 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று. திரும்பி முடித்ததும் சிக்னலை நிறுத்தும்படி புரோகிராம் எழுதினால் கிர் சத்தம் நிற்கும், கியரே பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் கியர் எஸ்ஜி 90 வேண்டாம், உலோக கியர் எம்ஜி 90 எஸ் போடுங்கள். ஒயரை 20 மி.மீ. பிவிசி பைப்புக்குள் விடுங்கள். அணில் விட்டுவைக்காது.

மோட்டார் பலம் போதவில்லை, நாக்கு பாதியில் நிற்கிறது. தேரி மண் பறந்து வந்து விழும் இடம். எண்ணெய் விட்டும் சரியாகவில்லை. (திசையன்விளை)

எண்ணெய் விட்டதால்தான் சரியாகவில்லை, மண் அதில் ஒட்டிப் பசையாகிவிட்டது. மண்ணெண்ணெயில் கழுவிக் காயவிட்டு, கிராஃபைட் தூள் மட்டும் போடுங்கள். ஓட்டும் முன் பெயிண்ட் பிரஷால் ஒரு தட்டு. பலமான மோட்டார் வாங்கினால் நாக்கு வளையும். விரல் சோதனை, மறுபடியும்.

ஃப்ராக்குக்குத் தனி சுவிட்ச் வேண்டுமா? (களக்காடு)

ஃப்ராக் என்பது பாயிண்டில் இரண்டு தண்டவாளம் குறுக்கிடும் முனை. பிளாஸ்டிக் ஃப்ராக்குக்கு வேண்டாம். உலோகம் என்றால் பாயிண்ட் மாறும்போது அதில் போகும் கரண்டும் மாற வேண்டும், அதனால் வேண்டும்; அதையும் ரிலே (கரண்டால் மாறும் சுவிட்ச்) வழியாகக் கொடுங்கள். பேட்டரி லோகோவுக்கு இந்தக் கேள்வியே கிடையாது.

மூன்றே பாயிண்ட், எல்லாம் திண்ணையில் உட்கார்ந்தால் கைக்கெட்டும். சர்வோவா, சென்ட்ரல் லாக்கா? (சங்கரன்கோவில்)

இரண்டும் வேண்டாம். டைபாரில் ஒரு ஸ்பிரிங்கும் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியில் ஒரு கைப்பிடியும் வைத்துக் கையால் தள்ளுங்கள். பின்னால் வேலி ஓரம் நாலாவது பாயிண்ட் போடும்போது, தூரத்தை அளந்து எழுதுங்கள்.