ஒரு ஏக்கர் புதர்க்காட்டை அப்படியே விடலாமா?

கேள்வி: கல்லலுக்கு அருகே ஐந்து ஏக்கரில் கண்மாய்ப் பாசனத்தில் நெல் பயிரிடுகிறேன். ஊருணி வரத்துக்காலை ஒட்டிய இன்னொரு ஏக்கர், பனையும் மஞ்சணத்தியும் காரைப் புதருமாகக் கிடக்கிறது. அதை அழித்துத் தைலமரம் வைக்கச் சொல்கிறார்கள், எனக்கு மனமில்லை. அப்படியே விட்டால் நிலம் வனத்துறைக்குப் போய்விடுமா?

பதில்: போகாது. நீங்களாக விரும்பிப் பயிரிடாமல் விடுவதால் பட்டா மாறிவிடாது. அதற்காக எந்த அலுவலகத்திலும் எழுதிக் கொடுக்க வேண்டியதுமில்லை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 'சமுதாயக் காப்பகம்', அதாவது தனியார் நிலத்தையோ ஊர் நிலத்தையோ காட்டுயிர்களுக்காக அரசு அறிவித்துக் காப்பது, வேறு. நிலத்துக்குரியவரோ ஊராரோ தாமே முன்வந்தால்தான் அரசு அதை அறிவிக்கும் என்றாலும், அறிவித்த பிறகு மேலாண்மைக் குழுவின் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் இல்லாமல் அந்நிலத்தின் பயன்பாட்டை மாற்ற இயலாது. ஒரு ஏக்கருக்கு அந்தக் கட்டுப்பாடு தேவையில்லை என்பதே என் கருத்து. திருப்பத்தூர் அருகே வேட்டங்குடிக் கண்மாய்கள் 1977-இல் பறவைகள் சரணாலயமாயின. ஆனால் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை என்பது அங்குள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தாமாக வைத்துக்கொண்ட வழக்கம்.

தைலமரம் வேண்டாம். வரத்துக்கால் ஓரத்து ஈரத்தை அது உறிஞ்சிவிடும். அதனடியில் புல்பூண்டு செழிக்காததால் மண் அரித்து ஊருணியில் சேரும்.

ஆயினும், அப்படியே விடுவதென்றால் கை கட்டி இருப்பதன்று. சீமைக்கருவேலம் புகுந்தால் சில ஆண்டுகளில் மற்றவற்றை அமுக்கிவிடும். அதை அடியோடு வெட்டினாலும் மீண்டும் துளிர்க்கும் என்பதால், ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் நெகிழ்ந்திருக்கும்போது கன்றுகளை வேரோடு பிடுங்குங்கள். அதன் நெற்றைத் தின்ற ஆடுகள் பிழுக்கை வழியே விதையைப் பரப்பும். நெற்று உதிரும் காலத்தில் அங்கே கிடை போட விடாதீர்கள். பட்டுப்போன மொட்டைப் பனையை விறகுக்காகச் சாய்க்க வேண்டாம். அதன் பொந்தில் தங்கும் ஆந்தை உங்கள் வயல் எலியைப் பிடிக்கும்.

புதரில் தங்கும் மயில் வயலில் இறங்கும் தொல்லையை மறைக்க விரும்பவில்லை. குன்றக்குடியான் வாகனம் என்று பொறுத்துக்கொள்ளச் சொன்னால், நெல்லை இழந்தவர் என்னைப் பொறுக்கமாட்டார். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள பறவையாதலால் அதற்குத் தீங்கு செய்யவும் கூடாது. புதருக்கும் வயலுக்கும் இடையே பத்தடி அகலத்தை வெட்டவெளியாக வைத்துக்கொண்டால், பயிரின்மேல் நிழல் விழுவது குறையும். விதைப்பின்போதும் கதிர் முற்றும்போதும் காவலிருப்பவர் மயில் இறங்குவதைத் தொலைவிலேயே கண்டு விரட்டலாம்.