குழியின் கடைசி வடிவத்தை முதலில் வரையுங்கள்

(குவாரி அளவையும் வரைபடமும்: வாசகர் கேள்விகளுக்கு நில அளவையாளர் ஒருவர் பதில்)

கேள்வி: எங்கள் குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் மேட்டு நிலம் இருக்கிறது. கிணறு வெட்டியபோது 10 மீட்டர் வரை நல்ல கிராவல் வந்தது. குவாரிக்கு அனுமதி கேட்கப் போகிறோம். 4 லட்சம் கன மீட்டர் தேறும் என்கிறார் பொக்லைன் வைத்திருப்பவர். அந்தக் கணக்கையே விண்ணப்பத்தில் போடலாமா?

பதில்: போடாதீர்கள். வேலியோரத்திலிருந்து எதிர் வேலியோரம் வரை செங்குத்தாக வெட்டினால்தான் அந்த 4 லட்சம் வரும். அப்படி ஒரு கரை ஒரு மழைக்குக்கூட நிற்காது.

ஒரு தாளை எடுத்துக்கொண்டு, வேலை முடிந்த பிறகு குழி எப்படி இருக்க வேண்டும் என்று முதலில் வரையுங்கள். உங்கள் நிலம் 200 மீட்டருக்கு 200 மீட்டர் சதுரம் என்று வைத்துக்கொள்வோம். எல்லையை ஒட்டி நாலு பக்கமும் 10 மீட்டர் விடுங்கள். எவ்வளவு விட வேண்டும் என்பது உங்கள் பகுதி விதியைப் பொறுத்தது. வீடு, சாலை, நீர்நிலை பக்கத்தில் இருந்தால் இன்னும் கூடும். இப்போது மேலே 180க்கு 180தான் மிச்சம். அடுத்தது சரிவு. 1 மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் என்று சாய்த்தால், 10 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு பக்கமும் 15 மீட்டர் உள்ளே வந்துவிடும். அடித்தளம் 150க்கு 150. இந்த வடிவத்தின் கொள்ளளவு 2,73,000 கன மீட்டர். சொன்ன கணக்கில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. மேல்மண்ணையும், நடுவில் வரும் களிமண் பட்டைகளையும் இனிமேல்தான் கழிக்க வேண்டும்.

இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அனுமதியில் எழுதும் அளவு, நிலத்தில் கிடக்கும்போது உள்ள அளவா, வண்டியில் ஏற்றிய பிறகு உள்ள அளவா? தோண்டியதும் கிராவல் உப்பும். இதில் குழப்பம் வந்தால் பின்னால் அதிகமாக எடுத்துவிட்டதாக அபராதம் வரை போகும்.

ஒரே ஒரு கிணற்றை நம்பியும் இறங்காதீர்கள். ஆறு கொண்டுவந்து போட்ட கிராவல் திட்டுத் திட்டாகக் கிடக்கும். 50 மீட்டர் தள்ளிப் போனால் வெறும் வண்டலாக இருக்கலாம். நிலம் முழுவதும் கட்டம் போட்டு சோதனைக் குழிகள் எடுங்கள். ஒவ்வொன்றிலும் எந்த ஆழத்தில் என்ன வந்தது, தண்ணீர் எங்கே நின்றது என்று எழுதி வையுங்கள். மழைக்காலம் முடிந்து நீர்மட்டம் ஏறி நிற்கும்போது ஒரு முறை கட்டாயம் அளக்க வேண்டும். குழி எதுவரை இறங்கலாம் என்பதை அந்த அளவுதான் தீர்மானிக்கும். நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டித் தண்ணீரை இறைக்க ஆரம்பித்தால் சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர் இறங்கும். அதற்குத் தனி ஆய்வு கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்.

நிலப் பயன்பாடு, கனிம உரிமை, சுற்றுச்சூழல், காற்று, நீர் என்று அனுமதிகளின் பெயரும் வரிசையும் இடத்துக்கு இடம் மாறும். எங்கே ஆரம்பித்தாலும் எல்லா அலுவலகமும் கேட்பது இந்த வரைபடத்தைத்தான். விண்ணப்பம் கொடுப்பதற்கு முன்பே அதை எடுத்துக்கொண்டு போய் அதிகாரிகளிடம் பேசுங்கள்.

கேள்வி: எங்கள் குவாரித் திட்டத்தை அக்கம்பக்கத்தார் எதிர்க்கிறார்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் என்ன சொல்வது?

பதில்: அவர்கள் பயம் நியாயமானது. அதை ஏற்றுக்கொண்டு எண்களோடு போங்கள். ஆண்டுக்கு 1 லட்சம் டன், 250 வேலை நாள் என்றால் ஒரு நாளைக்கு 400 டன். 20 டன் ஏற்றும் டிப்பர் 20 லோடு அடிக்கும். காலி வண்டியையும் சேர்த்தால் 40 முறை. பத்து மணி நேர வேலையில் சராசரியாகக் கால் மணிக்கு ஒரு வண்டி அவர்கள் வாசலைக் கடக்கும். இதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அப்புறம் பள்ளி நேரத்தில் வண்டி ஓடாது என்றும், தார்ப்பாய் மூடாமல் ஒரு வண்டியும் வெளியேறாது என்றும் எழுதிக் கொடுங்கள்.

“வெறும் தூசிதானே” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். குவார்ட்ஸ் கலந்த கல்லை உடைக்கும்போது பறக்கும் நுண்ணிய சிலிக்காவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997இலேயே வகைப்படுத்திவிட்டது. முதலில் மூச்சில் இழுப்பது உங்கள் தொழிலாளிதான். கிரஷரில் தண்ணீர் தெளிப்பு, பாதை நனைக்க டேங்கர், குவாரி வாசலுக்கு முந்தைய பாதைக்குத் தார் ஆகிய மூன்றையும் திட்டச் செலவிலேயே சேருங்கள். உள்ளே பாதையை வட்டமாக அமைத்தால் வண்டி ரிவர்ஸ் எடுக்க வேண்டியது குறையும். நாள் முழுக்க அந்த ‘பீப் பீப்’ சத்தம் கேட்பவர்களுக்கு அதுவே பெரிய உதவி.

வேலை தொடங்கும் முன் பக்கத்துக் கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து பதிவு செய்யுங்கள். பாறைக்கு வெடி வைப்பதாக இருந்தால் வீடுகளில் ஏற்கெனவே உள்ள விரிசல்களையும் வீட்டுக்காரர் முன்னிலையில் படம் எடுங்கள். ஒரு பிரதி அவர்களிடமே இருக்கட்டும்.

கேள்வி: மேல்மண்ணுக்கு நல்ல விலை கேட்கிறார்கள். எப்படியும் தோண்டப்போகிறோம், முதலிலேயே விற்றுவிடலாமா?

பதில்: விற்காதீர்கள். குழியை மூடிச் சீரமைக்கும்போது அந்த மண் இல்லாமல் அங்கே ஒன்றும் முளைக்காது, விலை கொடுத்து வாங்கினாலும் அதே மண் கிடைக்காது. பல இடங்களில் அனுமதியே அதை விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வரும்.

ஈரமாக இருக்கும்போது வாராதீர்கள், இறுகிவிடும். அடிமண்ணோடு கலக்காமல் தாழ்வான குவியலாகப் போட்டு, மேலே புல் விதையுங்கள். வண்டி ஏற விடாதீர்கள். நிலத்தை மூன்று நான்கு கட்டமாகப் பிரித்துக்கொண்டால் சேமிக்க வேண்டிய மண் முதல் கட்டத்துடையது மட்டும்தான். இரண்டாம் கட்டத்தைத் திறக்கும்போது வாரும் மண்ணை அன்றே கொண்டுபோய், வேலை முடிந்த முதல் கட்டத்துச் சரிவில் பரப்பிவிடலாம். மூன்றாவது திறப்பதற்குள் அங்கே புல் பிடித்துவிடும். சீரமைப்புக்காகக் கட்டிய பிணைத்தொகையில் அந்தப் பகுதிக்கு உரியதைத் திருப்பிக் கேட்க விதியில் இடம் இருந்தால், அப்போதே விண்ணப்பம் போடுங்கள்.